கொடுக்காப்புளியின் சொந்த ஊர்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்பட்டால் சற்றைக்கெல்லாம் பொம்மையார்பாளையம் வந்துவிடும். கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும், மேற்கே ஆரோவிலுக்கு ஏறும் செம்மண் மேடும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் நின்று மெக்சிக மக்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கொடுக்காப்புளி, வேலியோரத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம், தோட்டத்துச் சப்போட்டா, பப்பாளி, பூக்கடையின் செண்டுமல்லி, மீன் குழம்பில் கரையும் மிளகாய், தக்காளி எல்லாவற்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நிலங்களும்தான். தக்காளியின் காட்டு மூதாதை ஆண்டிஸ் மலைப்பக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் அதைக் கறிக்கு உதவும் காயாக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோவின் உழவர்கள்.

கொடுக்காப்புளியைப் பாருங்கள். பள்ளி வாசலில் கூறு கட்டி விற்பார்கள். வெள்ளையும் ரோஜா நிறமுமான சதையைத் தின்றபின் கறுப்பு விதை மிஞ்சும். மேல்தோலை நகத்தால் உரித்து, உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கீறாமல் எடுக்கிறவர் கெட்டிக்காரர் என்று நம் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு உண்டு. மெக்சிகோவின் சந்தைகளிலும் அதே சுருள் காய் ‘குவாமூச்சில்’ என்ற பெயரில் விற்கிறது. ஸ்பானியக் கப்பல்கள் அதைப் பசிபிக் கடல் தாண்டி பிலிப்பைன்சுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து நம் வேலிக்கு வந்து சேர்ந்தது.

இப்படிக் கண்ணெதிரே தொடர்பு இருக்க, தமிழில் மெக்சிகோ என்றதும் வேறொரு பேச்சுதான் எழுகிறது. மாயா மக்கள் தமிழர்களே, நம் சிற்ப மரபின் மயன்தான் அவர்களுக்குக் கட்டடக்கலை கற்பித்தான் என்று இன்றும் எழுதுகிறார்கள். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதியே அதை நம்பினார். அவர் கைத்திறன்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்தக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொல்லியலிலோ மொழியியலிலோ அதற்குச் சான்று கிடையாது. அதைவிட முக்கியமானது, இந்தப் பேச்சு ஒரு மக்கள் கூட்டத்தின் உழைப்பை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நமக்கு உரிமையாக்குகிறது. கீழடியை வேறு யாரோ வந்து கட்டினார்கள் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 12.6 கோடி. பூர்வகுடிகளும் ஸ்பானியரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் ஐந்நூறு ஆண்டுகளாகக் கலந்து உருவான சமூகம் அது. பிரம்மாண்டமான கல்தலைகளைச் செதுக்கிய ஓல்மெக்குகள், தியோத்திவாக்கான் நகரத்தார், மோந்தே அல்பானின் சபோத்தெக்குகள், யுகத்தானின் மாயா மக்கள், 1325-ல் ஏரி நடுவே தெனோச்தித்லானை நிறுவியதாகச் சொல்லப்படும் மெஷிகர் (ஆஸ்தெக்குகள்) என்று வரலாற்று நூல்கள் வரிசைப்படுத்தும். அந்த வரிசையை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் படித்துக்கொள்ளலாம். அந்த மக்களின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் சோளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மக்காச்சோளம் நமக்குக் கோழித்தீவனம். பெரம்பலூரிலும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் விளைந்து நாமக்கல் பண்ணைகளுக்கு லாரி ஏறுகிறது. மெக்சிகோவில் அது உயிர். பால்சாஸ் ஆற்றுப் படுகையில் தியோசிந்தே என்னும் புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் ஏழெட்டு மணிகள்தான் இருக்கும், அவையும் பல்லை உடைக்கும் ஓட்டுக்குள். தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்தெடுத்து அதைக் கைகொள்ளாக் கதிராக்கியவர்கள் பெயர் தெரியாத உழவர்கள். மனித குலத்தின் மிகப் பெரிய அறிவியல் சாதனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று சுமார் 60 நாட்டு ரகங்கள் அங்கே இருக்கின்றன.

பக்குவத்தைக் கவனியுங்கள். சோள மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். காலையில் கையால் தேய்த்துக் கழுவினால் தோல் கழன்றுவிடும். பிறகு எரிமலைக் கல்லில் செய்த ‘மெத்தாத்தே’யில் அரைப்பார்கள். அது நம் அம்மியேதான், மூன்று கால் வைத்து ஒரு பக்கம் சரித்த அம்மி. பெண்கள் மண்டியிட்டு, இரு கையாலும் குழவியைத் தள்ளி அரைப்பார்கள். அந்த மாவைத் தட்டி மண் கல்லில் சுட்டால் தோர்த்தியா. சுண்ணாம்பு சேர்ப்பதால் சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்து உடலுக்குக் கிடைக்கிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய, ஸ்பானிய ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் வாட்டியது அதனால்தான். சமையலறைப் பெண்களின் அறிவை அறிவாக மதிக்காததற்கு உலகம் கொடுத்த விலை அது.

1994-ல் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபின் மலிவான அமெரிக்கச் சோளம் அங்கே வந்து குவிந்தது. ஒப்பந்தம் தொடங்கிய அதே ஜனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தில் மாயா உழவர்கள் ‘சபதிஸ்தா’ படையாக எழுந்தார்கள். நாட்டுச் சோளத்தைக் காக்கும் இயக்கம் தொடர்ந்து நடந்தது. 2025-ல் மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடுவதை அரசியல் சட்டத்திருத்தம் வழியாகவே தடைசெய்தார்கள். நம்மாழ்வாரையும் நெல் ஜெயராமனையும் அறிந்த தமிழருக்கு இந்தப் போராட்டத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது இறந்தோர் நாள். நவம்பர் 1-ல் குழந்தைகளுக்கும் 2-ல் பெரியவர்களுக்கும். நம் கத்தோலிக்க ஊர்களில் கல்லறைத் திருநாள் நடக்கும் அதே நாள்தான். இங்கும் கல்லறையைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் மந்திரித்துவிட்டுப் போவார். மெக்சிகோவில் இந்தக் கிறிஸ்தவ நாளுக்கு அடியில் அதற்கு முந்திய வழிபாடு ஓடுகிறது. வீட்டில் மேடை கட்டி, இறந்தவரின் படம், தண்ணீர், உப்பு, இனிப்பு ரொட்டி, அவருக்குப் பிடித்த மோலே குழம்பு, சுருட்டு, மெஸ்கால் சாராயம் வைப்பார்கள். கோபால் பிசினைத் தணலில் இட்டுப் புகை போடுவார்கள். வாசலிலிருந்து மேடைவரை செண்டுமல்லி இதழ்களைப் பாதையாகத் தூவுவார்கள், அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு உயிர்கள் வீடு வந்து சேரும் என்பது நம்பிக்கை. நாம் ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டும் பூ அங்கே செத்தவர்களுக்கு வழிகாட்டும் பூ. பாத்ஸ்குவாரோ ஏரியின் ஹனித்சியோ தீவில் இரவெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி எரிய, குடும்பங்கள் குளிரில் உட்கார்ந்திருக்கும்.

மெக்சிகர்கள் சாவைக் கண்டு சிரிப்பவர்கள் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அப்படிப் பேச மெக்சிகக் கவிஞர் ஒக்டாவியோ பாஸ் 1950-ல் எழுதிய ‘தனிமையின் புதிர்ப்பாதை’யும் ஒரு காரணம். மெக்சிகோ நகரத்தின் பிரபலமான எலும்புக்கூட்டு ஊர்வலம் 2016-ல்தான் தொடங்கியது, அதுவும் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனையாக எடுத்த காட்சியைப் பின்பற்றி. ஊர்வலத்தைப் பார்த்து அந்த நாளை எடைபோடக் கூடாது. அப்பாவுக்குத் திவசத்தன்று அவருக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனசு எதுவோ, அதுதான் அந்த மேடைக்கு முன்னும் இருக்கிறது.

எழுத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மாயா மக்கள் மரப்பட்டைத் தாளில் நூல் எழுதினார்கள், பூஜ்யத்தைக் கையாண்டார்கள், வெள்ளிக் கோளின் சுழற்சியைக் கணக்கிட்டார்கள். 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அந்த நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். இன்று எஞ்சியவை நான்கே. கறையானுக்கும் போகித் தீக்கும் ஏடுகளை இழந்த நமக்கு அந்த வலி புரியும். ஆனால் அதே லாந்தா எழுதி வைத்த ஒரு குறிப்பை வைத்துத்தான், லெனின்கிராடில் இருந்த யூரி க்னோரோசோவ் 1952-ல் மாயா எழுத்து ஒலியசைகளைக் குறிக்கிறது என்று காட்டினார். அப்போது அவர் மெக்சிகோவைக் கண்ணால் பார்த்தவரல்லர். அங்கே அவர் போக முடிந்தது 1990-களில்தான். இதே க்னோரோசோவ்தான் 1960-களில் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த சோவியத் குழுவுக்குத் தலைமை தாங்கி, அதன் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று சொன்னவர். அஸ்கோ பர்போலாவும் ஐராவதம் மகாதேவனும் அதே திசையில் மேலும் நடந்தார்கள். மாயாவையும் தமிழையும் உண்மையாக இணைக்கிற ஓர் அறிவுக் கண்ணி இது. மயனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏனோ தொடுவதில்லை.

1521 ஆகஸ்ட் 13-ல் தெனோச்தித்லான் எர்னான் கோர்த்தேசிடம் வீழ்ந்தது. வாளைவிட அம்மை நோய் அதிகம் பேரைக் கொன்றது. ஒரு நூற்றாண்டுக்குள் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மடிந்தார்கள். அந்த அழிவின் நடுவிலேயே 1539-ல் மெக்சிகோ நகரில் அச்சகம் வந்தது, மெஷிகர் பேசிய நாவாத் மொழி அச்சேறியது. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578-ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் சகாகுன் என்ற துறவி, நாவா அறிஞர்களின் துணையோடு பன்னிரண்டு பாகங்களில் அந்த மக்களின் வாழ்வை அவர்கள் மொழியிலேயே பதிந்து முடித்தார்.

பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பொம்மபுரம் என்றும் சொல்லப்படும் இந்தப் பொம்மையார்பாளையத்துச் சிவஞான பாலைய சுவாமிகளை நாடி வந்தார். கன்னட வீரசைவ நூலைப் ‘பிரபுலிங்க லீலை’யாகத் தமிழில் தந்தார். அதே நூற்றாண்டில் மெக்சிகோ நகரத்துக் கன்னியர் மடத்தில் சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ் ஸ்பானிய மொழியின் உச்சக் கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். நாவாத் மொழியிலும் பாட்டுக் கட்டினார். உலகியல் படிப்பை விட்டு மறைநூல்களில் ஈடுபடச் சொன்ன ஆயருக்கு 1691-ல் அவர் எழுதிய பதில் இன்றும் சூடு ஆறாதது. பிறகு தம் நூலகத்தை இழந்து, கொள்ளைநோயில் விழுந்த சகோதரிகளுக்குப் பணிவிடை செய்கையில் 1695-ல் இறந்தார். மடமும் கவிதையும் ஒன்றாக வாழ்ந்த வரலாறு நமக்கும் உண்டு. ஆனால் சோர் ஹுவானாவைப் போலத் தனக்காகத் தானே வழக்காடிய ஒரு பெண் குரல் நம் பதினேழாம் நூற்றாண்டு மடங்களிலிருந்து எனக்குக் கேட்கவில்லை.

1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. சோழமண்டலத் துணி மணிலா வழியாக மெக்சிகோ போனது, மெக்சிக வெள்ளி இங்கே வந்தது. சென்னை-மணிலா வாணிகத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான்தான் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலமும் பரங்கிமலைக்குப் படிக்கட்டும் கட்டினார். அந்தப் படிகளில் மெக்சிக வெள்ளியின் பங்கு உண்டு. மெக்சிகர்கள் கழுத்திலும் தலையிலும் கட்டும் சிவப்புக் குட்டைக்குப் ‘பாலியகாத்தே’ என்று பெயர், அது நம் பழவேற்காடுதான். சபதிஸ்தாக்களில் பலர் முகத்தை மறைத்துக்கொண்டது அந்தக் குட்டையால். மாம்பழமும் அதே வழியில் போனது. கொலிமாவில் இன்றும் தென்னங்கள் இறக்குகிறார்கள், பிலிப்பைன்சு மாலுமிகள் கற்றுக்கொடுத்த தொழில். புளியங்கரைசலை அங்கே பானமாகவே குடிக்கிறார்கள்.

1910 புரட்சிக்குப் பின் அரசுக் கட்டடச் சுவர்களைத் தியேகோ ரிவேராவும் ஒரோஸ்கோவும் சிகேய்ரோசும் உழவர்களின் வரலாறாக மாற்றியது தனியாக எழுத வேண்டிய பொருள். ஆனால் கோதுமையைச் சொல்லாமல் விட முடியாது. 1963-ல் கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் இந்தியா வந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இங்கே இறங்கியது. அந்த முயற்சியின் இந்திய முகம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அதே ஆண்டுகளில், 1962 முதல் 1968 வரை, ஒக்டாவியோ பாஸ் டெல்லியில் தூதராக இருந்தார். மதுரையையும் உதகையையும் குமரிமுனைப் பக்கத்தையும் களமாகக் கொண்ட கவிதைகள் அவருடைய ‘கிழக்குச் சரிவு’ தொகுப்பில் இருக்கின்றன. 1968 அக்டோபர் 2-ல் த்லதெலோல்கோ சதுக்கத்தில் தன் அரசு மாணவர்களைச் சுட்டுக்கொன்றதும் அவர் தூதர் பொறுப்பை உதறினார். கவிஞன் பதவியில் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அது.

இன்று மெக்சிகோவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பூர்வகுடி மொழி பேசுகிறார்கள். அரசு ஏற்ற மொழிக்குழுக்கள் 68. நாவாத் பேசுவோர் மட்டும் சுமார் 16.5 லட்சம். மாயா மக்கள் மறைந்துபோனவர்கள் அல்லர். யுகத்தான் தீபகற்பத்தில் இன்றும் பிரிசேய்தா குவேவாஸ் கோப் மாயா மொழியில் கவிதை எழுதுகிறார். ஹுச்சித்தானைச் சேர்ந்த நத்தாலியா தொலேதோ சபோத்தெக்கில் எழுதுகிறார். லத்தீன் அமெரிக்க இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டே தமிழுக்கு வந்திருக்கிறது. ஸ்பானியம் படித்த தமிழ் இளைஞர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். நாவா மக்களின் வாயிலிருந்தே படையெடுப்பைச் சொல்லும் மிகேல் லெயோன்-போர்த்தியாவின் ‘தோற்றவர்களின் பார்வை’யையும், சோர் ஹுவானாவின் பதிலையும், இந்தப் பெண் கவிஞர்களையும் நேரடியாக மொழிபெயர்க்க அவர்கள் முன்வர வேண்டும். சிற்றிதழ்கள் அதற்குப் பக்கம் ஒதுக்க வேண்டும்.