நம்பத்தகுந்த ஏழை: கடன் மனுவை வாசித்தல்

1

கடன் மனுவையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று சொன்னால் நம் இலக்கிய நண்பர்கள் சிரிக்கக்கூடும். கவிதை, கல்வெட்டு, சினிமா போஸ்டர் வரைக்கும் ஒத்துக்கொள்வார்கள். தோட்டத்து லயத்தில் ஒரு பெண் கைநாட்டு வைத்த படிவத்தில் வாசிக்க என்ன கிடக்கிறது? கூடலூர்ப் பக்கம் சில வருஷம் அந்தப் படிவங்களை எழுதிக்கொடுத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், நிறையவே கிடக்கிறது.

'என்னத்துக்குக் கடன்னு போடட்டும் அக்கா?' என்று கேட்பேன். 'நீயே பாத்து எழுது தம்பி. எத எழுதுனா குடுப்பாங்களோ அத எழுது' என்பதுதான் பெரும்பாலும் பதில். மனுவில் 'நான்' என்று பேசுகிற குரல் யாருடையது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. கையெழுத்து அவளுடையது, வாக்கியம் என்னுடையது, வாக்கியத்தின் இலக்கணம் கடன் கொடுப்பவனுடையது.

2

2005இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கீவா என்ற அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் 25 டாலர் போட்டு, எங்கோ தூர தேசத்துச் சிறு தொழில் செய்பவருக்குக் கடன் கொடுக்கலாம். திரையில் ஒரு முகம், ஒரு சிறு கதை, கேட்கும் தொகை. கொடுப்பவருக்கு வட்டி கிடையாது. வாங்குபவரிடம் உள்ளூர் நிறுவனம் வட்டி வாங்கிக்கொள்ளும். கொடுப்பவர் செய்ய வேண்டியதெல்லாம் வாசிப்பது, பிறகு தீர்ப்புச் சொல்வது. இந்த ஆள் கேட்பது நியாயமான தொகையா? தொழில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? முகத்தில் உழைப்பு தெரிகிறதா?

இந்த வாசிப்பின் லட்சணம் என்ன? கிறிஸ்டினா ஜெங்க், ஜெசிகா பான், வால்டர் தீசைரா மூவரும் கீவாவின் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். அழகாக இருப்பவர், நிறம் வெளுத்தவர், பருமன் இல்லாதவர் ஆகியோருக்குப் பணம் சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. கதையை வாசித்ததாக நினைத்த வாசகர் தோலையும் சேர்த்து வாசித்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய விஷயத்தை டேவிட் ரூட்மன் என்ற பொருளியலாளர் 2009 அக்டோபரில் சுட்டிக்காட்டினார். திரையில் முகம் வருவதற்கு முன்பே அநேகமாக அந்தக் கடன் கொடுக்கப்பட்டுவிட்டது. உள்ளூர் நிறுவனம் தன் ஊழியர் மூலம் விசாரித்து, தன் கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கதையை அனுப்புகிறது. வாசகர் போடும் டாலர் அந்த நிறுவனத்தின் கையிருப்பை நிரப்புகிறது. வாசகர் 'இவளுக்கு வேண்டாம்' என்று நகர்ந்தாலும் அநேகமாக அவளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. ரூட்மன் எழுதிய பின் கீவா தன்னை விவரிக்கும் வாசகத்தை மாற்றிக்கொண்டது. அதை மோசடி என்று நான் சொல்லவில்லை. கடன்காரரின் நம்பகத்தன்மையை எடைபோடுகிறோம் என்று வாசகர் நம்பிய செயல், எடைபோடுதலின் சடங்காக மட்டுமே இருந்தது என்கிறேன்.

3

தூரத்து முகத்தைத் தாளில் வாசித்துத் தீர்ப்புச் சொல்வது இணையம் கொண்டுவந்த புதுமை அல்ல. நீலகிரிக்காரர்களுக்கு, அதிலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, இதில் நீண்ட அனுபவம் உண்டு.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஆட்களுக்கு இன்ன கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக்கொடுப்பது. அதைக் காட்டித்தான் கங்காணி தன் ஆட்களை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோவான். அந்தத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். தொழிலாளியைப் பற்றிய பிரதியில் தொழிலாளியின் சொல் ஒன்றுகூடக் கிடையாது. 1921இல் துண்டு முறை தடைசெய்யப்பட்டது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தாயிற்று. வருகிறவர்களுக்குக் குடும்ப அட்டை; அதில் இன்ன மறுவாழ்வுத் திட்டம் என்ற குறிப்பு. ஒரு பகுதியினருக்குத் தேயிலை. 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கி, பின்னால் டான்டீ ஆன அரசுத் தேயிலைத் திட்டம் அதுதான். கணிசமானோருக்குக் கிடைத்தது 'வியாபாரக் கடன்', 5,000 ரூபாய். தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரை ஒரு தாளில் வியாபாரி ஆக்கிவிட்டார்கள். என் தாத்தா அப்படி வியாபாரி ஆனவர். சமவெளியில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைப்பதாக அவர் பேரில் எழுதியிருந்தது. தராசு பிடிக்கத் தெரியாது, கடன் சொல்கிறவனை மறுக்கத் தெரியாது, ஊரில் ஒருத்தனையும் தெரியாது. வருஷம் திரும்புவதற்குள் கடையை மூடிவிட்டு மலை ஏறினார். அவரைப் போல மலை ஏறியவர்கள் எத்தனையோ பேர். 'ஏமாளிகள், பணத்தைத் தின்றுவிட்டார்கள்' என்று ஊர் சொல்லிற்று. திட்டத்தை எழுதியவரின் நம்பகத்தன்மையை யாரும் விசாரிக்கவில்லை.

4

என் சொந்தப் பாவத்துக்கு வருகிறேன். ஒரு அக்காவுக்கு உண்மையில் தேவைப்பட்டது புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கந்துவட்டியை அடைக்கும் பணம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 2011இல் ரிசர்வ் வங்கி சிறுகடன் நிறுவனங்களுக்கு ஒரு விதி போட்டிருந்தது. கொடுக்கும் கடனில் 75 சதவீதமாவது வருமானம் தரும் வேலைக்கு இருக்க வேண்டும். சதவீதம் பின்னால் குறைந்தது. 2022இல்தான், எதற்காக வாங்கினாலும் சிறுகடனே என்று விதி மாறியது. நான் எழுதியது அதற்கு முன்னால். 'கறவை மாடு' என்று எழுதினேன். கடன் கைக்கு வந்த பிறகு கம்பெனி ஆள் மாடு பார்க்க வந்த அன்று பக்கத்து வீட்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டினோம். போட்டோ எடுத்தார்கள்.

வாரத் தவணை ஒன்றுகூட அவள் தவறவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேறு தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போனாள், பெரிய பிள்ளையின் படிப்பை நிறுத்தினாள், கடைசி மூன்று தவணையை இன்னொரு குழுவில் வாங்கிக் கட்டினாள். பிறகு ஒரு நாள் கம்பெனியின் காலண்டரில் அவள் படம் வந்தது, அந்த மாட்டோடு. வெற்றிபெற்ற தொழில்முனைவோர்! மாட்டுக்காரி வந்து சண்டை போட்டாள்: 'என் மாடு, இவ மூஞ்சியா?'

மனு பொய், வசூல் நூறு சதவீதம். அவள் நாணயமும் நிஜம்தான். கீவாவின் வசூல் 96 சதவீத அளவில் இருப்பதாகச் சொல்லப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலண்டர் ஞாபகம் வரும். திரும்பி வந்த தவணை தொழில் ஓடியதற்குச் சாட்சி அல்ல. எங்கிருந்தோ பிடுங்கி வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த 'எங்கிருந்தோ' எந்தப் பிரதியிலும் எழுதப்படுவதில்லை.

5

'அப்போ விசாரிக்காமலே குடுக்கச் சொல்றியா?' என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஊரில் பொய்யர்கள் இருக்கிறார்கள், பத்துப் பேர் பெயரில் கடன் எடுத்து ஓடுகிற ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த விசாரணையைத் தாளில் இருக்கும் முகத்தை வைத்துச் செய்ய முடியாது. குழுவில் கூட உட்கார்ந்திருக்கும் நாலு பெண்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பதையே மூலதனமாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கூட்டுப் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். நம்பகத்தன்மையை மதிப்பிடும் வேலை கூலியில்லாமல் ஏழையின் தலையிலேயே விழுகிறது.

தூரத்தில் இருந்து 25 டாலர் போடுகிற நல்ல மனசுக்காரர், அந்த அக்காவை நம்பலாமா என்று கேட்பதை விட்டுவிட்டு நடுவில் இருப்பவரைக் கேட்கட்டும். இந்தக் கதையை எழுதியது யார்? பணம் எப்போதோ கொடுத்தாகிவிட்டதா? வட்டி எவ்வளவு? ஒரு வாரம் கட்ட முடியாமல் போனால் வீட்டு வாசலில் என்ன நடக்கும்? இவை தாளிலேயே பதில் சொல்லக்கூடிய கேள்விகள், பதில் சொல்ல வேண்டியவர்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

அந்த அக்காவை இப்போதும் பார்ப்பேன். போன மாதம் இன்னொரு படிவம் கொண்டுவந்தாள். எதற்காக என்ற கட்டத்தில் இந்த முறை உள்ளதையே எழுதுவோமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். 'உள்ளத எழுதுனா குடுப்பாங்களா தம்பி?' என்றாள். விதி மாறிவிட்டது என்று சொன்னேன். படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். 'கட்டம் மாறலியே' என்றாள்.