மஞ்சளின் ஆதார சுருதி

'டோன்' என்ற ஒரே சொல்லை இசையும் ஓவியமும் பங்கிட்டுக்கொண்டதில் விளைந்த குழப்பம் சிறிதன்று. ஓவியருக்கு அது வெளிச்சத்தின் அளவு: ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது, எவ்வளவு அடர்ந்தது என்பது. மேற்கத்திய இசைக்காரர் சொல்லும் டோனாலிட்டியோ உறவுமுறை: ஒரு சுரம் வீடு, மற்றவை அதைவிட்டுப் போய்த் திரும்புபவை. இரண்டையும் 'தொனி' என்றே மொழிபெயர்க்கிற நாம், த்வனிக் கோட்பாட்டையும் உள்ளே இழுத்து முடிச்சை இறுக்கியிருக்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்குப் புனிதத்தலமாக விளங்குவது காண்டின்ஸ்கியின் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)'. 1911 ஜனவரி 2 அன்று ம்யூனிக்கில் ஷோன்பெர்கின் இசையைக் கேட்டவர், சில நாட்களுக்குள் இதைத் தீட்டினார். இசை டோனாலிட்டியைத் துறந்தது, ஓவியம் பொருளைத் துறந்தது, இரண்டும் ஒரே செயல் என்பது வழிவழி விளக்கம். அழகான சமன்பாடு, ஆனால் இரு பக்கமும் கணக்கு உதைக்கிறது.

அன்று ஒலித்தவற்றுள் இரண்டாம் நால்வர் இசையும் (ஓபஸ் 10, 1908) மூன்று பியானோ துண்டுகளும் (ஓபஸ் 11, 1909) உண்டு. முன்னதன் கடைசிப் பகுதியில் சுருதிக்குறி கிடையாது. ஆயினும் அது எஃப் ஷார்ப் மேஜரில்தான் வந்து அடங்குகிறது. பின்னது அந்தச் சலுகையையும் தராது. இரண்டையும் ஒரே பட்டியில் அடைப்பது சோம்பேறித்தனம்.

ஓவியத்துக்கு வருவோம். பொருள் போய்விட்டதா? கறுத்த பியானோ முதல் பார்வையிலேயே தெரிகிறது. இடக்கீழே கூட்டம் முன்குனிந்திருக்கிறது. வலப்பக்கம் பொங்கும் மஞ்சளே சிவப்புக்கும் நீலத்துக்கும் எடையை நிர்ணயிக்கிறது. கறுப்பு வெள்ளையில் கற்பனை செய்து பாருங்கள்: மஞ்சள் வெண்தூண்களோடு ஏறக்குறையக் கரைந்துவிடும், கறுப்பு மட்டும் நிற்கும். ஓவியரின் பொருளில் டோன் இங்கே பின்தள்ளப்பட்டிருக்கிறது. இசைக்காரரின் பொருளிலோ படத்துக்கு வீடு இருக்கிறது. அதுவும் இடம்பெயராத வீடு. மேற்கத்திய இசையில் வீடே நடுவில் மாறும். இந்த மஞ்சளோ தம்பூராவின் சட்ஜத்தைப் போல அசையாமல் நிற்கிறது. ஷோன்பெர்க் துறந்ததைக் காண்டின்ஸ்கி சேர்த்துக்கொண்டார் என்பதே என் கணிப்பு. ஓவியத்துக்கு அது குறையாகாது. இந்த வேகத்தில் தீட்டிய கைக்கு இவ்வளவு கட்டுக்கோப்பு வாய்த்தது வியப்பே.

குறை கோட்பாட்டில். அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'கலையில் ஆன்மிகம்' நூலில் அவர் மஞ்சளை ட்ரம்பெட்டுக்கும், வெளிர்நீலத்தைப் புல்லாங்குழலுக்கும், கருநீலத்தைச் செல்லோவுக்கும் ஒப்பிடுகிறார். தனிமனித உணர்வுப்பதிவாக இவை கூர்மையானவை, விதியாக நிற்கமாட்டா. அதைவிட முக்கியம், இவை எல்லாமே கருவியின் நாதத்தைப் பற்றியவை. எந்தச் சுரம் எதற்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வியை இவற்றில் ஒன்றுகூடத் தொடவில்லை. ஆக, இரு கலைஞர்களும் சந்தித்த இடம் நாதவண்ணம். டோனாலிட்டியை அங்கே தேடியது பின்வந்த உரைகாரர்களின் பிழை.

ஷோன்பெர்கும் 1911-இல் வெளிவந்த தம் ஹார்மனி நூலின் இறுதியில், நாதவண்ணங்களாலேயே மெட்டமைக்கும் வாய்ப்பைப் பேசுகிறார். அதற்கு முன்பே, 1909-இல், 'வண்ணங்கள்' என்ற ஆர்க்கெஸ்ட்ராத் துண்டில் (ஓபஸ் 16) மெல்ல நகரும் ஸ்வரக்கட்டு ஒன்றைக் கருவிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச்செய்திருந்தார். காண்டின்ஸ்கியின் மஞ்சளுக்கு மெய்யான இணை அதுதான். அது முதன்முதலில் மேடையேறியது 1912-இல், லண்டனில். ம்யூனிக்கில் அந்த மாலை காண்டின்ஸ்கி அதைக் கேட்டிருக்க வழியே இல்லை.