எழிலும் பைத்தானும்: ஓர் ஒப்பாய்வு

தமிழில் புதியதொன்று தோன்றுமானால் அதனை நோக்குவோர் பெரும்பாலும் இரு திறத்தினராகப் பிரிந்து நிற்பர். ஒரு திறத்தார், அது தமிழில் இருக்கின்றது என்னும் ஒன்றனையே காரணமாகக் கொண்டு வானளாவப் புகழ்வர். மற்றொரு திறத்தார், அதே காரணத்தால் எள்ளி ஒதுக்குவர். பொருளைக் கையிலெடுத்து, அது செய்யவந்த வேலையைச் செம்மையாகச் செய்கின்றதா என்று பார்ப்பவர் சிலரே. கணினிக்குத் தமிழ்ச் சொற்களால் கட்டளை எழுத வந்த 'எழில்' என்னும் நிரல்மொழியையும் இவ்வாறே புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் நடுவில் விட்டுவிடுவது முறையன்று. உலகெங்கும் பரவிய 'பைத்தான்' என்னும் நிரல்மொழியோடு அதனை ஒப்புநோக்கினால் அதன் நிறையும் குறையும் விளங்கும். இவ்வாய்வு கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. எழிலின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இலக்கணம் பற்றியவையாதலால், தமிழாசிரியர்களுக்கே இது மிகவும் உரியது.

நிரல்மொழி என்பது யாது?

கணினி தானாக ஒன்றும் செய்யாது. இதனைச் செய், இது முடிந்தபின் அதனைச் செய், இன்ன நிலை இருந்தால் இவ்வழி செல், இல்லையேல் அவ்வழி செல் என்று படிப்படியாக எழுதித் தரவேண்டும். அவ்வாறு எழுதப்படும் கட்டளைத் தொடரே நிரல். அதனை எழுதுதற்கென வரையறுத்த சில சொற்களும், அவற்றைத் தொடுக்கும் விதிகளும் கொண்டது நிரல்மொழி. பொருள் ஒன்றுக்கு மேற்பட்டதாய் வரின் கணினி தடுமாறும். ஆதலால் நிரல்மொழியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும்.

இரண்டின் தோற்றம்

பைத்தானை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது 1989ஆம் ஆண்டின் இறுதியில் இதனைத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். பெயர் பாம்பைக் குறித்ததன்று. பிரிட்டிசுத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றன் பெயரிலிருந்து எடுத்தது.

ஈண்டுக் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. பைத்தானுக்கு முன்னோடியாக அதே நிலையத்தில் 'ஏபிசி' என்னும் சிறு மொழி இருந்தது. கணினித் துறையில் வல்லுநரல்லாதார்க்கும் நிரல் எழுதக் கற்பித்தற்கென ஆக்கப்பட்டது அது. பரவாது நின்றது. ஆயினும் வரியை உள்தள்ளி எழுதுவதனாலேயே ஒரு பகுதியின் எல்லையைக் காட்டும் முறை முதலியவை ஏபிசியிலிருந்தே பைத்தானுக்கு வந்தன. தன்னை விரிவாக்கிக்கொள்ள இடந்தராத ஏபிசியின் குறையைக் கண்டு, பிறர் எளிதில் புதியன சேர்க்குமாறு பைத்தானை அமைத்தார் ரோசம். சிறியதோர் பயிற்று மொழி மறைந்தும், அதன் கூறுகள் பெருமொழியின் உடலில் வாழ்கின்றன.

எழிலை ஆக்கியவர் அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை. 2009இல் அவர் இதனை ஆய்வுக் கட்டுரை வாயிலாக அறிவித்தார். பின்னர் எவரும் எடுத்துத் திருத்தவும் பரப்பவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாக அது வெளிவந்தது. எழில் நிரலைப் படித்து இயக்கும் பொறி பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆகவே இவை இரண்டும் எதிரெதிர் நிற்கும் பகைமொழிகள் அல்ல. பெரியதன் தோள்மீது சிறியது அமர்ந்திருக்கின்றது என்பதே பொருந்தும்.

எழிலின் சிறப்பு

ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு அவ்விடத்தில் தமிழ்ச் சொற்களை வைத்தால் தமிழ் நிரல்மொழி ஆகிவிடும் என்று கருதுவோர் உளர். அவ்வளவே செய்திருந்தால் எழிலைப் பற்றி எழுதவேண்டிய தேவையே இல்லை. எழில் அதனினும் ஒருபடி மேலே சென்றது.

நாற்பது மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர் தேறினார் எனச் சொல்ல, பைத்தானில் 'இஃப்' என்னும் சொல் முதலில் வரும்; நிபந்தனை அதன்பின் வரும். இஃது ஆங்கிலத் தொடரமைப்பு. எழிலிலோ,

@(மதிப்பெண் >= 40) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

என்று எழுதப்படும். நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்கின்றன. 'மதிப்பெண் நாற்பது ஆனால்' என்றே தமிழர் பேசுவர். 'ஆனால் மதிப்பெண் நாற்பது' என்று தொடங்கினால் பொருளே வேறாகிவிடும். 'ஆனால்' என்பது 'ஆகு' என்னும் வினையடியாகப் பிறந்த நிபந்தனை எச்சம். எச்சம் தான் தழுவும் கூற்றின் இறுதியில் நின்று, மேல்வரும் வினையைக் கொண்டு முடிதல் தமிழின் இயல்பு. அவ்வியல்பை எழில் போற்றியிருக்கின்றது. இப்பகுதி 'முடி' என்னும் ஏவல் வினையால் நிறைவுறுவதும் பொருத்தமே. தொடக்கத்திலுள்ள '@' குறி, பின்னால் வரவிருக்கும் சொல்லுக்காக நிபந்தனையை ஏந்திக்கொள்ளுமாறு பொறிக்கு முன்கூட்டி அறிவிப்பது எனக் கொள்ளலாம். கண்ணுக்கு அது சற்று உறுத்தலாயினும், தமிழ்த் தொடரமைப்பைக் காப்பதற்குத் தரும் சிறு விலையே.

எழிலின் குறைகள்

இவ்வியல்பை எழில் இறுதிவரை கைக்கொண்டதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். முதலாவது, 'பதிப்பி' என்னும் ஏவல் வினை முன்னும் அதன் செயப்படுபொருள் பின்னும் நிற்கின்றன. நிபந்தனையில் தமிழ் நடையும் கட்டளையில் ஆங்கில நடையுமாக ஒரே நிரல் இருவேறு வழியில் செல்கின்றது. வினை இறுதியில் வருமாறு அமைத்தல் இயலாதது என்று சொல்வதற்கில்லை. தமிழைப் போலவே வினையை இறுதியிற் கொள்வது சப்பானிய மொழி. அம்மொழியில் எழுந்த 'நாதெசிகோ' என்னும் நிரல்மொழியில், காட்டவேண்டிய தொடர் முன்னும், நம் இரண்டாம் வேற்றுமை உருபை ஒத்த உருபு அடுத்தும், 'காட்டு' எனப் பொருள்படும் சொல் இறுதியிலும் வருமாறு எழுதலாம். அங்கே இயன்றது இங்கே இயலாதது அன்று. அன்றியும், 'பதிப்பி' என்பது நூலை அச்சிட்டு வெளியிடுதலை நினைவூட்டும். திரையில் தோன்றச் செய்வதற்குக் 'காட்டு' என்னும் எளிய சொல் போதும்.

இரண்டாவது குறையே பெரியது. ஒரு நிபந்தனை மெய்யாயிருக்கும் காலமெல்லாம் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பைத்தானில் 'வைல்' என்பது சொல். எழிலில் அவ்விடத்தில் 'வரை' வருகின்றது. தமிழில் 'வரை' இரு பொருள் தரும். 'உயிர் உள்ள வரை உழைப்பான்' என்றால், உயிர் இருக்கும் காலமெல்லாம் என்பது பொருள். 'தந்தை வரும் வரை காத்திருந்தான்' என்றால், வருதல் நிகழாத காலமெல்லாம் என்பது பொருள். முன்னது நிலையைச் சுட்டியது. பின்னது எல்லையைச் சுட்டியது. இனி, '@(எண் == 10) வரை' என்று ஒரு மாணவன் எழுதுவதாகக் கொள்வோம். எண் ஒன்றில் தொடங்கிப் பத்தாகும்வரை செயல் நடக்கும் என அவன் எண்ணுவான். தமிழ் அவனுக்கு அவ்வாறே சொல்லித் தருகின்றது. பொறியோ, எண் பத்தாக உள்ள காலமெல்லாம் செய் என்று பொருள்கொள்ளும். எண் ஒன்றில் இருப்பதால் ஒருமுறையேனும் செயல் நிகழாது. மாணவன் தன் அறிவைக் குறைகூறிக்கொள்வான்; பிழையோ சொல்லைத் தேர்ந்ததில் உள்ளது. 'உள்ளவரை' என்று அமைத்திருந்தால் இவ்விடர் நேராது.

மூன்றாவது, மாற்றுவழியைக் குறிக்க வரும் 'இல்லை'. அது கூற்றை முடித்துவைக்கும் சொல். மேலே தொடர்ந்து செல்ல வேண்டிய இடத்தில் 'இல்லையேல்' என்பதே இலக்கணம். மேலும், செயற்கூறு ஒன்று தன் விடையைத் திருப்பித் தருதலைக் குறிக்கப் 'பின்கொடு' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்ததன் விளைவு இது. தமிழர்க்குப் 'பின்' என்பது பிறகு என்னும் பொருளையே முதலில் தரும். 'விடைகொடு' என்பதும் பிரிவைக் குறிக்குமாதலால், 'திருப்பு' அல்லது 'விடை' என்று சுருக்கமாக வைத்தல் நன்று.

பைத்தானின் வலிமை

மறுபக்கத்தையும் நடுநிலையோடு பார்த்தல் வேண்டும். பைத்தானின் ஒதுக்கிய சொற்கள் முப்பத்தைந்தே. ஆங்கிலம் அறியாப் பிள்ளையும் அவற்றைச் சில நாளில் மனப்பாடம் செய்துவிடும். 2008இல் வெளிவந்த பைத்தான் 3இல், மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர்களையே இடலாம். 'மதிப்பெண்', 'கூட்டல்' என்றெல்லாம் பெயர் வைத்துப் பைத்தானிலேயே எழுத முடியும். அன்றியும் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரற்றொகுதிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேலாகப் பைத்தானுக்கு உண்டு. அறிவியல் கணக்கீடு, புள்ளியியல், செயற்கை அறிவு முதலிய துறைகளில் அது முன்னிற்கின்றது. சிங்கப்பூரில் ஜி.சி.இ. சாதாரண நிலைக் கணினிப் பாடத்திற்கும் பைத்தானே மொழி. பிழைப்புக்கென நிரல் கற்க விழையும் இளைஞனுக்கு எழிலைக் காட்டிப் பைத்தானை மறைப்பவர், தமிழுக்கும் நன்மை செய்தவராகார். அவ்விளைஞனுக்கும் நன்மை செய்தவராகார்.

ஆயினும் பைத்தான் தமிழை முழுதும் அறிந்த மொழியன்று. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று அதனைக் கேட்டால் ஐந்து என்று விடை தரும். முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகளாக அச்சொல் கணினியில் பதிந்திருப்பதே காரணம். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் நம் இலக்கணம் அதற்குத் தெரியாது. இக்குறை நீங்க, முத்தையா அண்ணாமலையும் பிறரும் சேர்ந்து 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதியை ஆக்கினர். அதனைத் துணைக்கொண்டு எண்ணினால் மூன்று என்னும் விடை கிடைக்கும். இத்தொகுதி பைத்தானுக்கென எழுதப்பட்டது என்பதை நோக்குக. சிறுமொழியை ஆக்கிய கையே பெருமொழிக்கும் தமிழ் கற்பித்தது. எழில் ஒன்றையே வைத்து அவ்வுழைப்பை மதிப்பிடுதல் ஆகாது.

முடிபு

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், இரண்டும் ஒரே வேலைக்கு உரியன அல்ல என்பது தெளிவாகும். பைத்தான் தொழிலுக்குரிய மொழி. எழில் முதலடிக்குரிய மொழி. புதிய பொருளும் புதிய மொழியும் ஒருங்கே வந்தால் பிள்ளைக்குச் சுமை இரட்டிக்கும் என்பதை மலேசியத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியதையும், 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்ததையும் அவர்கள் வகுப்பறையிலேயே கண்டவர்கள். நிபந்தனை, மாற்றுவழி, மீள்செயல் ஆகிய மூன்றும் நிரலின் உயிர்நாடி. இவற்றைப் பிள்ளை தன் பேச்சின் ஒழுங்கிலேயே ஒருமுறை உணர்ந்துவிட்டால், பின்னர் எந்த மொழிக்கும் அஞ்சாது செல்லும். நடைவண்டியைப் பிடித்து நடை பழகிய குழந்தை அவ்வண்டியோடு வாழ்நாள் முழுதும் நடப்பதில்லை. ஆயினும் நடைவண்டியின் சக்கரம் கோணலாக இருந்தால் குழந்தை விழும். 'வரை' என்னும் சொல் அத்தகைய கோணல் சக்கரம்.

தாய்மொழிச் சொற்களால் அமைந்த நிரல்மொழி வாழாது என்று சொல்வோர் உருசிய நாட்டை நோக்குதல் வேண்டும். அங்கே வணிகக் கணக்குகளுக்குப் பெருவழக்காக உள்ள 'ஒதின் எஸ்' மென்பொருளில் நிரல்கள் உருசியச் சொற்களாலேயே எழுதப்படுகின்றன. கடையும் ஆலையும் அன்றாடம் வேண்டும் ஒரு வேலையை அது செய்து தருகின்றது, அதனால் வாழ்கின்றது. எழிலும் வாழவேண்டுமாயின் அதற்கும் ஒரு வேலை வேண்டும். தமிழ்ப் பள்ளியின் தொடக்கப் பயிற்சியே அதற்கேற்ற வேலை. அவ்வேலைக்கு ஏற்றதாக அதன் சொற்கள் திருந்த வேண்டும். பிழை நேரின் அதனைப் பிள்ளைக்கு விளங்கும் நல்ல தமிழில் எடுத்துரைக்கும் செய்திகள் வேண்டும்.

எழில் கட்டற்ற மென்பொருளாதலால் திருத்துதற்குத் தடை ஒன்றுமில்லை. பொறியை ஆக்கும் வேலையைப் பொறியாளர் செய்துவிட்டனர். 'உள்ளவரை', 'இல்லையேல்' என்று எங்கே எச்சம் வேண்டும், எங்கே முற்று வேண்டும் எனக் காட்டவல்லவர் தமிழாசிரியரே. அவர் கை இன்னும் அதன்மேல் படவில்லை. புகழ்ச்சியையும் எள்ளலையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அந்நிரலை ஒரு மாணவன் எழுதிய கட்டுரையாகக் கருதிச் சிவப்பு மையினால் திருத்தித் தருவதே எழிலுக்குத் தமிழாசிரியர் செய்யக்கூடிய உண்மையான உதவியாகும்.