டைட்டானியமா, அலுமினியமா?

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பையன்களுக்குள் சண்டை: 1,34,900 ரூபாய் போனுக்குப் போயும் போயும் அலுமினியமா? 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியம். 2025இல் 17 ப்ரோ அலுமினியத்துக்கு வந்துவிட்டது. ஆரம்ப விலை மட்டும் அதே. ஏமாற்று என்றான் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுமினியம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும். சித்திரை வெயிலில் வண்டியில் மாட்டி மேப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஏமாற்று என்றவனிடமே போனை வாங்கித் தடவினேன். கேமரா மேடும் விளிம்பும் ஒரே வார்ப்பு போல வழவழவென்று, விரலுக்கு மூட்டே தட்டுப்படவில்லை. 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த ஓசூர்ப் பக்கம்தான் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் கூடுகள் தயாராகின்றன. விலைதான் கையைச் சுடுகிறது. இவ்வளவும் பேசிய பையன், அந்த அழகை நூறு ரூபாய் ரப்பர் கவருக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினான்.