கரை தட்டும் கப்பல்கள்

2023ஆம் ஆண்டு மே மாதம், டாங்கிகளைக் கரையிறக்கும் ஐ.என்.எஸ். மகர் கப்பல் கொச்சியில் கடற்படைச் சேவையிலிருந்து விடைபெற்ற பிறகு, அந்த வகைக் கப்பல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் மறுப்பின்றி ஏற்கப்பட்டு வருகிறது. சுதேசத்தில் கட்டப்பட்டு 36 ஆண்டுகள் உழைத்த கப்பல் தன் வகையின் தகுதியைத் தன் ஆயுளாலேயே நிரூபித்துவிட்டது என்பதும், ஆகவே மகர், கரியால் என்ற இரண்டையும் அடுத்து ஷார்துல், கேசரி, ஐராவத் என்ற மூன்றையும் அதே மரபில் கட்டியது விவேகமே என்பதும் அந்த வாதத்தின் சாரம். உழைப்பின் நீளம் உழைத்தவர்களின் திறமைக்குச் சாட்சி ஆகலாம்; எந்தக் காரியத்துக்காக ஒரு கப்பல் உருவாயிற்றோ அந்தக் காரியத்துக்கு அது தகுந்ததா என்ற கேள்விக்கு அது விடை ஆகாது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளம் இத்தகைய கப்பல்களைக் கட்டக் கற்றது சாமானியமான சாதனை அன்று. ஏறத்தாழ 5,600 டன் எடையும் 125 மீட்டர் நீளமும் கொண்ட ஷார்துல், 11 டாங்கிகளையும் 10 லாரிகளையும் 500 வீரர்களையும் சுமக்க வல்லது, உறுதியான கப்பல். 1987இல் தொடங்கிய இலங்கை நடவடிக்கையின்போதும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போதும் மகர் ஆற்றிய சேவையை யாரும் மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டு தொற்றுக்காலத்தில் கேசரி மாலத்தீவு, மொரீஷியஸ், சேஷல்ஸ், மடகாஸ்கர், கொமொரோஸ் ஆகிய நாடுகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றது. ஐராவத் மாலத்தீவிலிருந்து நம்மவர்களைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது. ஆனால் தொற்றுக்காலத்துப் பயணங்கள் துறைமுகத்தில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிய பயணங்கள் அல்லவா? கரிசனமுள்ள ஒரு சரக்குக் கப்பல் செய்யக்கூடிய அந்தப் பணியை வைத்து யுத்தக் கப்பலை மதிப்பிடுவது, நாம் கேட்க வேண்டிய கேள்வியையே விட்டுவிடுவதாகும்.

இவ்வகைக் கப்பலின் ஆதாரக் கொள்கை எளிது. கப்பலே நேராகக் கரையை நோக்கி ஓடி, முன்பகுதியை மணலில் அழுத்தி, முகக் கதவுகளைத் திறந்து, சாய்தளத்தை இறக்கி, டாங்கிகளைக் கரையில் நடக்க விட வேண்டும். அதற்காக அடிப்பாகம் தட்டையாக்கப்படுகிறது. முன்பகுதி நீரில் அமிழும் ஆழம் குறைக்கப்படுகிறது. அதன் விளைவாக வேகம் சுமார் 16 நாட் அளவோடு நின்றுவிடுகிறது. அலை மிகுந்த கடலில் ஆட்டமும் மிகுகிறது. இவ்வளவையும் பொறுத்துக்கொள்வது எதற்காக என்றால், சரிவு பொருத்தமாகவும், மணல் இறுக்கமாகவும், ஓதம் சாதகமாகவும், இடையில் திட்டு எதுவும் குறுக்கிடாமலும் அமைந்த சில கரைகளில் இறங்குவதற்காக. உலகக் கடற்கரைகளில் சுமார் 15 விழுக்காடுதான் மரபான தரையிறங்கு படகுகளுக்கு இடங்கொடுக்கும் என்பதும், காற்று மெத்தையில் செல்லும் ஹோவர்கிராஃப்டுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கிறது என்பதும் அமெரிக்கக் கடற்படை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நாம் இறங்கக்கூடிய கரைகள் இவ்வளவு சொற்பம் என்றால், அவை எவை என்று எதிரியும் முன்கூட்டியே அறிந்திருப்பான் என்பதைச் சொல்ல வேண்டுமோ?

இந்த ஆபத்தை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1971 டிசம்பரில், அக்காலத்துக் கரியாலும் குல்தாரும் கூர்க்கா வீரர்களை ஏற்றிக்கொண்டு காக்ஸ் பஜார் கரையை அணுகியபோது நடந்தது நம் கடற்படையின் சொந்த அனுபவம். கப்பல்கள் கரைக்கு முன்னாலிருந்த மணல்திட்டில் தட்டி நின்றன. திட்டுக்கும் கரைக்கும் இடையே ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருந்தது. முழுச் சுமையோடு இறங்கிய வீரர்களில் சிலர் மூழ்கி இறந்தனர். அங்கே எதிர்த்துச் சுட ஒருவனும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வங்கக் கடலின் கரை இப்படிப்பட்டது என்பது சோழமண்டலக் கரையில் வாழ்ந்த மீகாமருக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். சென்னைக்குத் துறைமுகம் அமையும்வரை பெருங்கப்பல்கள் அலை உடையும் வரிசைக்கு அப்பால் ஆழத்திலேயே நங்கூரமிட்டு நின்றன; கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளே அந்த அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரையில் சேர்த்தன. பெரியது தொலைவில் நிற்க, சிறியது கரையைத் தொடும் அந்த ஏற்பாட்டில் இருந்த புத்தி, நம் கப்பல்களின் வரைபடத்தில் இல்லாமற்போனதை எண்ணி நான் வருந்துகிறேன்.

வரைபடத்தின் வம்சமும் நம்மை எச்சரித்திருக்க வேண்டும். மகர் வகை, பிரிட்டிஷாரின் சர் லான்சலாட் என்ற 1960களின் கப்பலை அடியொற்றியது. அந்தக் குடும்பத்தின் சர் கலகாட், 1982ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பால்க்லாந்து தீவுகளின் ஃபிட்ஸ்ராய் அருகே, கரைக்கு ஆட்களைக் கொண்டு சேர்க்கப் போதிய படகுகள் கிட்டாமல் பட்டப்பகலில் மணிக்கணக்காக நின்றபோது அர்ஜென்டின விமானங்களின் குண்டுக்கு இரையாயிற்று. 48 பேர் மாண்டனர். மந்தமான பெரிய கப்பல் கரையோரத்தில் காத்து நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் என்ன விலை பெறும் என்பதை உலகமே கண்டது. மகர் சேவையில் சேர்ந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. அப்போது மாற்றுவதற்கு நேரமில்லை என்று வாதிடலாம். ஆனால் ஷார்துல் சேர்ந்தது 2007இல், ஐராவத் 2009இல். கால் நூற்றாண்டுக்குப் பிறகும், விமானக் குண்டோடு கரையிலிருந்து பாயும் ஏவுகணையும் சேர்ந்துகொண்ட ஒரு யுகத்தில், கப்பலே போய்க் கரையில் முட்ட வேண்டும் என்ற அதே கொள்கையை, ஹெலிகாப்டர் தளமும் பக்கவாட்டில் தொங்கும் சிறு படகுகளும் இருப்பதைக் காரணம் காட்டி நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் சிறு படகுகளில் ஆட்கள் போகலாம்; டாங்கி போகாது.

நம் கடற்படைக்கும் இது தெரியாததன்று என்பதற்கு 2007ஆம் ஆண்டே சாட்சி. ஜனவரியில் ஷார்துல் சேவையில் சேர்ந்தது. ஜூன் மாதத்தில், 1971 முதல் அமெரிக்கர் ஓட்டிய ட்ரென்டன் என்ற கப்பலை விலைக்கு வாங்கி ஜலாஷ்வா என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டோம். புதிய கப்பல் சேர்ந்து ஆறு மாதம் ஆகுமுன் 36 வயதுக் கப்பலை ஏன் வாங்கினோம்? பின்புறத்தில் கடல்நீரை உள்ளே விட்டு, டாங்கி ஏற்றிய படகுகளை வயிற்றிலிருந்தே மிதக்கவிடும் உள்தளம் அதனிடம் இருந்தது. கரையைக் காணாத தொலைவில் நின்றே அது தன் வேலையைச் செய்யும். நம் தளங்களில் பிறந்த ஐந்தில் ஒன்றுக்கும் அந்த ஆற்றல் இல்லை. பழைய கப்பலை வாங்கியதன் விலையும் கடுமையாக இருந்தது. 2008 பிப்ரவரியில் அதனுள் கசிந்த நச்சுவாயு ஆறு பேரின் உயிரைக் கொண்டது. உள்தளம் இல்லாத குறையைச் சுதேசத்தில் தீர்க்க 2013இல் நான்கு கப்பல்களுக்கு விலை கோரப்பட்டது; ஏழு ஆண்டு இழுபறிக்குப் பின் 2020இல் அது கைவிடப்பட்டது; 2021இல் மறுபடியும் தகவல் கோரினார்கள். அவற்றில் ஒன்றும் இன்றுவரை நீரில் இறங்கவில்லை.

இதற்கு விடையாக, 2017 முதல் 2021 வரை கார்டன் ரீச் கட்டித் தந்த எட்டு தரையிறங்கு கலங்களைச் சிலர் காட்டுகிறார்கள். 63 மீட்டர் நீளமும் 830 டன் எடையும் கொண்ட அவை அந்தமானின் தீவுகளுக்கிடையே நன்றாக உழைக்கும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவையும் கரையில் முட்டி இறக்குபவையே. மேலும் ஜலாஷ்வாவின் வயிற்றில் அடங்காத அளவுடையவை; ஆகவே தாமே கடலைக் கடந்து செல்ல வேண்டியவை. தீவுக்குத் தீவு செல்லும் கலத்தை, படைகளைக் கடல் கடத்தி இறக்கும் கலத்துக்கு ஈடாகச் சொல்வது பொருந்தாது.

முதலில் எளிதானதைக் கட்டிப் பழகுவோம், கடினமானது பிறகு என்ற சமாதானமும் உண்டு. மகரிலிருந்து ஐராவத் வரை 22 ஆண்டுகள். ஒரே கொள்கையில் ஐந்து கப்பல்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலேயே பத்து ஆண்டுகள். பழகுவதற்கு இதைவிட அதிக அவகாசம் எந்தத் தளத்துக்கும் கிடைத்திருக்காது. அதே கார்டன் ரீச் தளம் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் கமோர்த்தாவை 2014இல் கொடுத்தது. கொச்சித் தளம் விமானந்தாங்கியான விக்ராந்தை 2022இல் கொடுத்தது. வயிற்றில் நீர் புகும் ஓர் உள்தளத்தைக் கட்டுவது விக்ராந்தைக் கட்டுவதைவிடக் கடினம் என்று எந்தக் கப்பல் சிற்பியும் சொல்லமாட்டார். ஐராவத் சேவையில் சேர்ந்த 2009க்குப் பிறகு கழிந்த ஆண்டுகளில் நமக்கு இல்லாமற்போனது தொழிலறிவு அன்று. எப்படிப்பட்ட கப்பல் வேண்டும் என்று தீர்மானித்து, அதைக் கட்டச் சொல்லிக் கையொப்பமிடும் ஒருவருடைய துணிவே.