மைதானமே வாத்தியம்

'வீ வில் ராக் யூ' பாடலை இங்கிலாந்தின் குவீன் ராக் குழு 1977-இல் வெளியிட்டது. எழுதியவர் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. பாடியவர் ஃப்ரெடி மெர்குரி. ஏறக்குறைய இரண்டே நிமிடம் ஓடும் இப்பாட்டில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிட்டாரும் கிடையாது. காலை இருமுறை ஓங்கி மிதித்து, ஒருமுறை கைதட்டினால் தாளம் முடிந்தது. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, கால்பந்து என எந்த அரங்கிலும், பாட்டின் பெயர் தெரியாதவர்கூட இந்தத் தாளத்தில் சேர்ந்துகொள்கிறார்.

இந்தத் தாளத்தின் பிறப்பில் கால்பந்து ரசிகர்களுக்கும் பங்குண்டு. 1977 மே மாத இறுதியில் ஸ்டாஃபர்ட் நகரின் பிங்லி ஹாலில் குவீன் கச்சேரி நடந்தது. குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. 'யூ'ல் நெவர் வாக் அலோன்' பாடலைச் சேர்ந்திசையாகப் பாடியது. 1945-இல் 'கரோசல்' என்ற இசை நாடகத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பாடலை, 1960-களில் லிவர்பூல் அணியின் ரசிகர்கள் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். கேலரியின் வழக்கம் அன்று கச்சேரி அரங்குக்குள் வந்தது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்னதான் செய்ய முடியும் என்று மே யோசித்தார். மிதிக்கலாம், தட்டலாம், பாடலாம். மறுநாள் கண்விழித்தபோது பாட்டின் அடிப்படை அவர் மனத்தில் இருந்தது.

ஒலிப்பதிவு நடந்த இடம் வடக்கு லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோ. பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் அது இயங்கியது. அங்கே கிடந்த பழைய பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல் மிதித்தும் கைதட்டியும் பலமுறை பதிவு செய்தார்கள். சிலர் எழுப்பிய ஓசையைப் பெருங்கூட்டத்தின் ஓசையாக்குவதில்தான் மேயின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. இயற்பியல் படித்தவர் அவர். 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஒவ்வொரு மிதியும் தட்டும் வெவ்வேறு தொலைவிலிருந்து வருவதுபோல் சிறுசிறு காலதாமதங்களுடன் திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்டன. அந்தத் தாமதங்கள் பகா எண்களின் விகிதத்தில் அமைந்ததால், ஒன்றோடொன்று பொருந்தி எதிரொலியாக மாறவில்லை. பாட்டைக் கேட்பவருக்கு ஆயிரம் பேர் நடுவே நிற்கும் உணர்வு வருவது இதனால்தான்.

தாளத்தின் கட்டமைப்பு பெரிய அரங்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 81 அடி. முதல் மிதிக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். அதே இடைவெளியில் கைதட்டு. அதற்குப் பிறகு கார்வை: கைதட்டுக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே முக்கால் நொடி மௌனம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 100 மீட்டர் தள்ளியுள்ள எதிர்க் கேலரியின் தட்டு இங்கு வந்துசேர 0.3 நொடி ஆகும். வேகமான தாளமாக இருந்தால் இந்தத் தாமதமே கூட்டத்தைக் குழப்பிவிடும். இங்கே பிந்தி வரும் தட்டு கார்வைக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த மிதியில் எல்லோரும் மறுபடி ஒன்றுசேர அவகாசம் கிடைக்கிறது. இதே பாடலை டிரம்ஸும் பேஸும் சேர்த்து விரைவான நடையிலும் குவீன் மேடையில் வாசித்தது. 1979-இல் வந்த 'லைவ் கில்லர்ஸ்' ஆல்பம் அந்த வடிவத்தோடுதான் தொடங்குகிறது. அரங்குகளில் நிலைத்ததோ மெதுவான வடிவம்தான்.

கிட்டார் கடைசிப் பகுதியில்தான் நுழைகிறது. மேயும் அவர் தந்தையும் வீட்டிலேயே செய்த 'ரெட் ஸ்பெஷல்' கிட்டார் அது. அதன் கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு மரச்சட்டம் பயன்பட்டது. பாட்டின் மூன்று சரணங்களும் தெருவில் விளையாடும் சிறுவன், முறுக்கேறிய இளைஞன், ஓய்ந்துபோன ஏழை முதியவர் என ஒரு வாழ்க்கையின் மூன்று பருவங்களைச் சொல்கின்றன. அவற்றில் வெற்றி முழக்கம் இல்லை; ஏளனமும் இயலாமையுமே அதிகம். மைதானங்கள் சரணங்களை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டன.

மெர்குரி எழுதிய 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாடலுடன் ஒரே இசைத்தட்டில் இது 1977 அக்டோபரில் வெளியானது. அந்த இசைத்தட்டு பிரிட்டனில் இரண்டாம் இடமும் அமெரிக்காவில் நான்காம் இடமும் பிடித்தது. 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' ஆல்பத்தில் இரண்டு பாடல்களும் அடுத்தடுத்து வருகின்றன. மைதானங்களும் அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தன. ஆட்டம் நடக்கும்போது வீரர்களை உசுப்ப முதல் பாடல். கோப்பையைத் தூக்கும்போது இரண்டாவது.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குவீன் தன் பங்கை இந்த இணையுடன்தான் முடித்தது. 2001-இல் 'எ நைட்ஸ் டேல்' திரைப்படம் இடைக்கால ஈட்டிப் போட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தையே இந்தத் தாளத்தைத் தட்டவைத்தது. மெர்குரி 1991-இல் மறைந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவர் உருவம் திரையில் தோன்ற, அதன்பின் மேயும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் ஜெஸ்ஸி ஜேயைப் பாடவைத்து இப்பாடலை வாசித்தார்கள். கேலரியிலிருந்து கச்சேரி அரங்குக்குப் போன வழக்கம், 35 ஆண்டுகள் கழித்து உலகின் மிகப் பெரிய விளையாட்டு மேடைக்கு வந்துசேர்ந்தது.