எழுத்தைத் தொலைக்காத ரெக்கார்டர்

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று வருடமாகக் காது நன்றாகவே மந்தமாகிவிட்டது. கருவி வைத்துக்கொண்டால் நேரில் பேசுவது புரிகிறது. டிவியில் பின்னணி இசையோடு கலந்து வரும் பேச்சுதான் கூழாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், ஆங்கில எழுத்து ஓடுகிற நிகழ்ச்சிகளாகத் தேடிப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா படிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுதேடா" என்று ஒருநாள் சொன்னார். நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும், விட்டுப்போனதைப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ரெக்கார்டர் தேட ஆரம்பித்தேன்.

சாலைக் கடைத்தெருவிலும் பாளையத்திலும் ஏறி இறங்கினேன். எத்தனை ஜிபி, 4கே உண்டா, ரிமோட்டில் யூடியூப் பொத்தான் உண்டா என்பதற்கெல்லாம் உடனே பதில் கிடைத்தது. "சப்டைட்டிலும் சேர்ந்து பதிவாகுமா?" என்ற கேள்விக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே நான்கு வழிகளை வீட்டிலேயே ஆறு வாரம் சோதித்தேன். திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டு மொட்டைமாடியில் பழைய ஆறடி சி-பேண்ட் தட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் வரும் ஓர் இலவச வெளிநாட்டுச் சேனல் சப்டைட்டிலைத் தனித் தரவாக அனுப்புகிறது. சோதனைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

டிஜிட்டல் ஒளிபரப்பில் படம், ஒலி, எழுத்து மூன்றும் ஒரே ஓடையில் கலந்து வந்தாலும், ஒவ்வொரு பொட்டலத்திலும் அது எதைச் சேர்ந்தது என்று ஓர் எண் இருக்கும். ரெக்கார்டர் ஓடையை அப்படியே வாங்கி வைத்தால் எழுத்தும் உள்ளே இருக்கும். படத்தின் எண்ணையும் ஒலியின் எண்ணையும் மட்டும் பொறுக்கி எடுத்தால் எழுத்து வாசலிலேயே நின்றுவிடும். பதிவு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

டேப் காலத்திலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய குளோஸ்டு கேப்ஷன், படத்தின் 21ஆம் வரியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெதுவான தரவாகப் போனது. மெதுவாகப் போனதால் சாதாரண விஎச்எஸ் டேப்பே அதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் டெலிடெக்ஸ்டின் 888ஆம் பக்கத்தில் சப்டைட்டில் வந்தது. அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 70 லட்சம் பிட். விஎச்எஸ் டேப்பால் அதைத் தாங்க முடியவில்லை. எங்கள் அத்தை மகள் தொண்ணூறுகளில் நியூஜெர்சியில் பதிவுசெய்த டேப்புகள் ஒரு பெட்டி நிறைய இங்கே இருக்கின்றன. 1993 ஜூலை முதல் அங்கே விற்ற 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டிவிகளில் கேப்ஷனைக் காட்டும் சிப் சட்டப்படி கட்டாயம். இங்கே எங்கள் வீட்டு டிவியில் அது இல்லை. கணினிக்கு மாற்ற வாங்கிய யுஎஸ்பி கருவியும் 21ஆம் வரியை வெட்டிவிடுகிறது. எழுத்து டேப்பில் உயிரோடு இருக்கிறது. எடுத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

இனி சோதனை. முதலில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய இலவசச் சேனல் பெட்டி. பின்னால் பென் டிரைவைச் செருகினால் பதிவாகும். முதல் இரண்டு நாள் பதிவில் எழுத்தே இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போதுதான் பிவிஆர் மெனுவின் கடைசியில் 'ரெக்கார்ட் டைப்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அது 'பிஎஸ்' என்று இருந்தது. 'டிஎஸ்' என்று மாற்றியதும் முழு ஓடையும் பதிவானது. லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறந்து சப்டைட்டில் மெனுவைத் தொட்டால் எழுத்து வந்தது. ஆனால் அதே பதிவை அதே பெட்டியில் ஓட்டினால் எழுத்து வராது. பதிவு செய்யத் தெரிகிறது, காட்டத் தெரியவில்லை. இன்னொன்று, பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. பெட்டி அங்கே கோப்பைத் துண்டாக்கும். ஒட்டும் இடத்தில் இரண்டு மூன்று வரி காணாமல் போயின.

அடுத்து, கட்டணச் சேவை நிறுவனம் ஒன்று தரும் ரெக்கார்டர். அம்மாவுக்குப் பிடித்தது இதுதான். ஒரே ரிமோட், பெரிய பொத்தான், திரையில் வருகிற எழுத்து பதிவிலும் வருகிறது. எனக்கு ஒப்பவில்லை. பதிவு பூட்டப்பட்டிருக்கிறது, வேறு கருவியில் திறக்காது. ஒரு வாரம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் பார்த்தேன், பழைய பதிவுகளும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. சேர்த்து வைப்பதற்கு இது உதவாது.

எச்டிஎம்ஐ கேப்சர் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது திரையைப் படம் பிடிக்கிறது, அவ்வளவே. எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் படத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அணைத்திருந்தால் பிறகு எந்த நாளும் வராது. வாங்க வேண்டாம்.

நான்காவது, பழைய லேப்டாப்பில் செருகிய யுஎஸ்பி சாட்டிலைட் டியூனர். கூடவே டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள். அமைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பதிவு முறையை 'பாஸ்' என்று வைத்தால் ஓடையை மாற்றி எழுதாமல் எடுத்துவைக்கிறது. 4 மெகாபிட் வேகத்தில் வரும் சேனலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஆகிறது. இன்றைய ஹார்ட் டிஸ்குகளுக்கு அது பெரிய சுமை இல்லை. ஆறு வாரத்தில் எழுத்து விட்டுப்போனது இடவப்பாதி மழை கொட்டிய ஓரிரவில் மட்டும். அப்போதும் படம் கட்டங்கட்டமாக உடைந்து உடனே சேர்ந்துவிட்டது. எழுத்துக்கு அப்படி இல்லை. ஒரு பொட்டலம் தவறினால் அந்த வரி முழுவதும் போகிறது, சில சமயம் முந்தைய வரி திரையிலேயே தங்கிவிடுகிறது.

இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு தொடரை எம்பி4 ஆக மாற்றி, மூலத்தை அழித்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வெளிநாட்டுச் சேனல் அனுப்பும் ஐரோப்பிய முறைச் சப்டைட்டிலுக்கு எம்பி4 கோப்பில் இடமே இல்லை. எட்டு அத்தியாயங்களின் எழுத்து போய்விட்டது. அம்மா அதில் மூன்றுதான் பார்த்திருந்தார். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எம்கேவி ஆக மாற்றுங்கள், எல்லாத் தடங்களையும் சேர்க்கும்படி சொல்லி மாற்றுங்கள்.

அந்த ஐரோப்பிய முறையில் எழுத்து சிறு சிறு படங்களாக வருகிறது. அதனால் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். இதற்கு சிசிஎக்ஸ்ட்ராக்டர் என்ற இலவசக் கருவி உதவியது. டெசராக்ட் என்ற எழுத்துணரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படத்தை வாசித்து உரைக் கோப்பாகத் தருகிறது. பெரிய ஐயும் சின்ன எல்லும் சில இடங்களில் இடம் மாறின, மற்றபடி சுத்தம். இப்போது அம்மாவின் திரையில் எழுத்து இரண்டு மடங்கு பெரிது. பேச்சு மட்டுமல்ல, கதவு தட்டும் ஓசை, தூரத்து இடி எல்லாம் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. "இவ்வளவு நாள் இந்த ஆளு ஏன் திடீர்னு திரும்பிப் பாக்கறான்னு தெரியாமலே பாத்துட்டிருந்தேன்" என்றார்.

கணினியில் பழக்கம் இருந்தால் டியூனர். இல்லையென்றால் டிஎஸ் பதிவு உள்ள பெட்டி. கடைக்குப் போகும்போது பென் டிரைவும் லேப்டாப்பும் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடம் பதிவுசெய்து அங்கேயே திறந்து பாருங்கள். டப்பாவில் அச்சிட்டிருக்கும் சப்டைட்டில் என்ற சொல்லை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நேரலையைப் பற்றியது.

எங்கள் வீட்டுக்கு வரும் மலையாள, தமிழ்ச் சேனல்களையும் இதே முறையில் பதிவுசெய்து பார்த்தேன். ஒன்றிலும் எழுத்துத் தடம் இல்லை. அமெரிக்காவின் பழைய 21ஆம் வரி லத்தீன் எழுத்துக்காக வகுக்கப்பட்டது. அதில் மலையாளக் கூட்டெழுத்தை ஏற்ற முடியாது. படமாக அனுப்பும் முறையில் எந்த மொழியையும் அனுப்பலாம், ஆகவே தொழில்நுட்பம் இங்கே தடை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆம் பிரிவில் கேப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தரவிதிகளும் வெளியிட்டது. காது கேளாத மாணவர்கள் பட்டப்படிப்பு படிக்கும் நிஷ் நிறுவனம் 1997 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது, இப்போது ஆக்குளத்தில். தூர்தர்ஷன் நிலையமும் இங்கேதான், குடப்பனக்குன்னில். அந்த மாணவர்கள் தங்கள் ஊரின் நிகழ்ச்சியைத் தங்கள் மொழியில் வாசித்துப் பார்க்க முடியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மாவுக்கு இரவு எட்டு மணி மலையாளத் தொடர் ஒன்று வேண்டும். காது நன்றாக இருந்தபோது ஒருநாள் விடாமல் பார்த்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாச் சேனல்களையும் மறுபடி ஸ்கேன் செய்து, அந்தத் தொடரில் ஐந்து நிமிடம் பதிவெடுத்துத் தடங்களை எண்ணிப் பார்க்கிறேன். இந்த மாதமும் இரண்டுதான்: படம், ஒலி.